மூன்று பேரில் கடைசி

மது: சித்தப்பா, கல்லூரி விழாவில் மெடியா நாடகம் போடுகிறோம், எனக்குச் செவிலித்தாய் வேடம். அதற்கு முன்னால் அதை எழுதிய பழைய கிரேக்க நாடக ஆசிரியர் யூரிப்பிடிஸ் பற்றி நானே இரண்டு நிமிடம் பேச வேண்டுமாம் 😩

சித்தப்பா: நல்ல வேடம்மா, நாடகமே செவிலித்தாய் வாயில்தான் தொடங்குகிறது.

அத்தை: பெற்ற பிள்ளைகளையே கொல்வாளே, அந்தக் கதையா? விழாவுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா?

சித்தப்பா: அக்கா, ஏதென்ஸ்காரர்களும் உங்களை மாதிரிதான் போல. கி.மு. 431-இல் அவர்கள் ஊர் நாடகப் போட்டி விழாவான டயோனீசியாவில் போட்டியிட்டது மூன்று பேர். முதல் பரிசு பெரிய நாடக ஆசிரியர் ஈஸ்கிலசின் மகன் யூபோரியனுக்கு, அடுத்தது இன்னொரு பெரிய நாடக ஆசிரியர் சோபோக்ளிசுக்கு, கடைசி நம் ஆள் யூரிப்பிடிஸ். ஆளுக்கு நான்கு நாடகம், மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் தீர்ப்பு, அதனால் மெடியாவால்தான் தோற்றார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பழைய கதை ஒன்றில் பிள்ளைகளைக் கொன்றது கொரிந்து ஊர்க்காரர்கள். பெற்றவள் கையாலேயே கொல்ல வைத்தது இவர்தான் என்று அறிஞர்கள் பலர் நினைக்கிறார்கள்.

அத்தை: பாவி மனுஷன்.

மது: அப்புறம் ஜெயிக்கவே இல்லையா?

சித்தப்பா: கி.மு. 455-இல் போட்டிக்கு வந்தவருக்கு முதல் வெற்றி 441-இல்தான். உயிரோடு இருந்தவரை மொத்தமே நான்கு. சோபோக்ளிசுக்கு டயோனீசியாவில் மட்டும் 18! போதாததற்கு அரிஸ்டோபனிஸ் தன் நகைச்சுவை நாடகங்களில் இவர் அம்மா கீரை விற்றவள் என்று திரும்பத் திரும்பக் கிண்டலடித்தார்.

அம்மா: கீரை விற்றால் என்னவாம்?

அண்ணன்: நாய்கள் கடித்துச் செத்தார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேனே?

சித்தப்பா: அதெல்லாம் பின்னால் கட்டிய கதைடா. கடைசிக் காலத்தில் மாசிடோனியா அரசர் ஆர்க்கெலாவோசிடம் போய்விட்டார், 406 வாக்கில் அங்கேயே இறந்தார். மது, நீ சிசிலியில் ஆரம்பி. 413-இல் ஏதென்ஸ் படை அங்கே அடியோடு தோற்றது, பிடிபட்டவர்களை அந்தத் தீவின் சிராக்கூஸ் நகரக் கல்குவாரிகளில் அடைத்தார்கள், வெயிலிலும் பசியிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். யூரிப்பிடிஸ் வரிகளைச் சொல்லிக்கொடுத்த சிலரை மட்டும் விட்டுவிட்டார்களாம், அவ்வளவு பைத்தியம் சிசிலிக்காரர்களுக்கு. தப்பியவர்கள் ஊர் திரும்பியதும் அவரைத் தேடிப்போய் நன்றி சொன்னார்கள் என்று பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்.

மது: சூப்பர் சித்தப்பா!! எதிரி ஊரில் அவ்வளவு மவுசா?

சித்தப்பா: ஆமாம். இன்னொன்றும் சேர்த்துக்கொள். ஈஸ்கிலசுக்கும் சோபோக்ளிசுக்கும் ஏழேழு நாடகம்தான் மிச்சம், இவர் பெயரில் 19. அதில் பாதிக்குக் காரணம் அதிர்ஷ்டம். அகர வரிசையில் வைத்திருந்த முழுத் தொகுப்பில் ஒரு துண்டு எப்படியோ தப்பிவிட்டது, அதனால்தான் ஹெலன், அயான், சைக்ளோப்ஸ் எல்லாம் கிரேக்க எழுத்து வரிசையில் அக்கம்பக்கமாக நம் கைக்கு வந்தன.

அத்தை: சரி, நாடகம் என்றைக்கு? நானும் வருகிறேன்.