நாயை 3 நிமிசம் அசையாமல் படுத்திருக்க வைக்க வழி சொல்லுங்கோ

லாப்ரடோர், 14 மாதம். கீழ்ப்படிவுப் போட்டிக்குப் பழக்கிறது. வளவுக்குள்ளை 10 அடி தள்ளி நிண்டாலும் 3 நிமிசம் படுத்திருக்கும். முற்றவெளி மைதானத்திலை 40 செக்கனிலை முழங்கையை ஊண்டி அரைச் சாண் அரைச் சாணா முன்னுக்கு ஊருது.

நேரம், தூரம், இடைஞ்சல் மூண்டையும் ஒண்டாக் கூட்டினதுதான் பிழை. அதாலை திரும்ப 2 அடி, 10 செக்கன். கூப்பிட்டுத் தீன் குடுக்கிறேல்லை, அது எழும்பத்தான் பழக்கும். கிட்டப் போய், முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவிலை நிலத்தோடை ஒரு இறைச்சித் துண்டு. குடுக்கிற கை உயர்ந்தால் நாயின்ரை நெஞ்சும் உயரும். பழக்கிறது வெயிலுக்கு முதல்தான், சுடுமணலிலை எந்த நாய் படுக்கும்?

ஊரத் தொடங்கினால் பேசாமல் பழைய இடத்திலை படுக்க வைக்கிறதோ, ஊர முதலே போய்க் குடுக்கிறதோ? பக்கத்திலை வேறை நாய் படுக்கேக்கை எத்தினை அடி இடைவெளியிலை தொடங்குறனியள்?