புதுப்பிப்பு: 'பிளாக் கிறிஸ்துமஸ்' புளூ-ரே, இருண்ட படமும் தெளிவற்ற வசனமும் (தீர்ந்தது)

'பிளாக் கிறிஸ்துமஸ்' (1974) என்ற திகில் படத்தின் புளூ-ரே தட்டில் இருட்டுக் காட்சிகள் கரி பூசியதுபோல் தெரிவதையும் வசனம் குழம்பி ஒலிப்பதையும் பற்றி முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

படத்தைச் சரிசெய்தது, எச்டிஎம்ஐ (பிளேயரைத் தொலைக்காட்சியோடு சேர்க்கும் இணைப்பு) வண்ண வீச்சை, அதாவது கருமை முதல் வெண்மை வரையிலான அளவெண்களைப் பார்க்கச் சொன்ன யோசனைதான். பிளேயர் 0–255 என்ற முழு வீச்சில் அனுப்ப, தொலைக்காட்சியோ 16–235 என்ற வீச்சை எதிர்பார்த்ததால், நிழல் விவரங்கள் கருமையில் மூழ்கியிருந்தன. பிளேயரில் 16–235-ஐத் தேர்ந்தெடுத்ததும், பரணில் கிடக்கும் ஆடுநாற்காலியின் விளிம்புகூடத் தனியே தெரிகிறது.

வசனத்துக்கு, பல ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்த 5.1 ஒலித்தடத்தை விட்டு ஒற்றைத் தட ஒலியான மோனோவுக்கு மாறியது (படம் முதலில் வெளியானதும் மோனோவில்தான்) ஓரளவே உதவியது. எதிர்பாராத விதமாக, மீதிக் குறை எங்கள் காரைக்குடி வீட்டுக் கூடத்தில் இருந்தது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் ஒலியை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. ஒலிபெருக்கிக்கும் இருக்கைக்கும் நடுவே ஜமுக்காளத்தை இரட்டையாக மடித்து விரித்த பிறகே, தொலைபேசியில் மிரட்டும் குரலின் சொற்கள் பிரிந்து கேட்கின்றன.

திரையில் இன்னும் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகள் 35 மி.மீ. பிலிமுக்கே உரியவை. இப்புள்ளிகளை மழுப்பும் 'இரைச்சல் நீக்கம்' என்ற பட அமைப்பைக் கூட்டினால் முகங்களின் நுண்விவரமும் சேர்ந்தே அழிவதால், அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.