அப்பா 70 – அப்பாவுக்குத் தெரியாது

புதன்கிழமை

8:12 ஹரி: எல்லாரும் ஒரு நிமிஷம். வெள்ளிக்கிழமை அப்பாவின் எழுபதாம் வயது சாந்திக்குப் போகிற வேனுக்குப் பாட்டு. பாபு அண்ணன் வண்டியில் புளூடூத் வேலை செய்யவில்லையாம், பென் டிரைவ் மட்டும்தான். நாளை ராத்திரிக்குள் ஏற்றிக் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு அந்த இங்கிலீஷ் ராக் குழு லெட் செப்பலின்தான், அதில் பேச்சே இல்லை. எந்த ஆல்பம், எந்தப் பாட்டையெல்லாம் விடலாம், அதை மட்டும் சொல்லுங்கள்.

8:13 திவ்யா: விடுவதா? பெரியப்பா வண்டியில் இருக்கும்போதா?

8:13 முரளி: போச்சு

8:14 அம்மா: அபிராமி அந்தாதி முதலில். திருக்கடையூர் போகிற வண்டியில் வேறென்ன.

8:14 ஹரி: அம்மா, அது அரை மணி நேரம். மீதிக்கு?

8:15 அம்மா: இன்னொரு தடவை

8:21 சேகர் சித்தப்பா: ஹரி, கணக்குப் போட்டுவிட்டேன். நங்கநல்லூரில் ஏறி, திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று போனால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது, டிபன் தனி. செப்பலின் ஆல்பம் மொத்தம் எட்டு. முதலாவது 1969 ஜனவரி, கடைசி 1979 ஆகஸ்ட். எட்டையும் அடுத்தடுத்து ஓட்டினால் ஆறரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது ஒரு பாட்டைக்கூட விடாமல் போட்டாலும் சன்னதித் தெருவில் சரியாக முடியும். ‘கோடா’ என்று 1982இல் ஒன்று வந்தது. அது டிரம்மர் போன பிறகு பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை வழித்துப் போட்டது, கணக்கில் சேராது. ஆனால் விடாமல் கேட்க முடியுமா என்பது வேறு கேள்வி. ஒவ்வொரு ஆல்பமாக வருகிறேன்.

8:21 முரளி: வர வேண்டாம் மாமா

8:22 திவ்யா: அப்பா, பாப்பாவுக்கு மலைப் பாதையே வேண்டாம், திண்டிவனத்திலேயே வாந்தி வரும். முன் சீட் எனக்கு.

8:22 வத்சலா அத்தை: முன் சீட் அண்ணிக்கு. முட்டியை மடக்க முடியாது.

8:23 அம்மா: எனக்கு எதுவும் வேண்டாம். எங்கே உட்கார வைத்தாலும் நான் போய்ச் சேருவேன்.

8:23 ஹரி: அம்மா

8:23 அம்மா: நான் என்ன சொன்னேன் இப்போது?

8:29 சேகர் சித்தப்பா: இரண்டாவது ஆல்பத்தில் ‘மோபி டிக்’ என்று ஒன்று. நாலு நிமிடம் இருபது வினாடி. முன்னாலும் பின்னாலும் கிட்டார், நடுவில் முழுக்க டிரம்ஸ்தான். அதை எடுத்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

8:30 வத்சலா அத்தை: முழுக்க டிரம்ஸ் என்றால்?

8:30 சேகர் சித்தப்பா: நம் தனி மாதிரி அக்கா.

8:34 வத்சலா அத்தை: தனி ஆவர்த்தனத்தை எடுத்துவிடலாம் என்று நம் வீட்டுக் குழுவில் எழுதுகிறாயா. மார்கழியில் பார்க்கிறேனே. பாடகர் மிருதங்கக்காரர் பக்கம் திரும்பிக் கை காட்டியதும் பாதி சபா கேன்டீனுக்குக் கிளம்பும். நாற்காலி எல்லாம் பட் பட்டென்று மடங்கும். அந்தச் சத்தத்தில் அவர் முதல் சொல்லைத் தொடங்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாயா நீ?

8:35 முரளி: அம்மா, போன வருஷம் நீயும்தானே எழுந்தாய். அடை அவியலுக்கு.

8:35 வத்சலா அத்தை: அது சுகர் இறங்கிவிட்டது

8:35 முரளி: சரி சரி

8:41 சேகர் சித்தப்பா: அக்கா, கோபப்படாமல் கேள். அந்த டிரம்மருக்கு ஜான் பானம் என்று பெயர். அந்தப் பாட்டில் நடுவில் குச்சியை வைத்துவிட்டு வெறுங்கையால் வாசிப்பார். மேடையில் வாசிக்கும்போது நாலு நிமிடம் இல்லை, அரை மணி நேரம்கூடப் போகும். மற்ற மூன்று பேரும் மேடையை விட்டு இறங்கிப் போய்விடுவார்கள்.

8:42 வத்சலா அத்தை: பாடுகிறவரே எழுந்து போவாரா? நம் ஊரில் கூட உட்கார்ந்து தாளம் போடுவார்கள்.

8:42 வத்சலா அத்தை: வெறுங்கையாலா?

8:43 சேகர் சித்தப்பா: வெறுங்கையால். ரத்தம் வரும் என்பார்கள்.

8:43 திவ்யா: அப்பா அதெல்லாம் சேர்க்காதீர்கள்

8:44 வத்சலா அத்தை: இப்போது எங்கே இருக்கிறார்?

8:46 சேகர் சித்தப்பா: இல்லை. 1980 செப்டம்பர் 25. முப்பத்திரண்டு வயது. குடி. அந்த டிசம்பரிலேயே மற்ற மூன்று பேரும் அறிக்கை விட்டுவிட்டார்கள், இனி இப்படியே தொடர முடியாது என்று. வேறு ஆளைப் போடவில்லை. 2007இல் லண்டனில் ஒரு ராத்திரி சேர்ந்து வாசித்தார்கள், டிரம்ஸில் அவர் மகன் ஜேசன்.

8:49 வத்சலா அத்தை: மகனா

8:50 வத்சலா அத்தை: அந்த நாலு நிமிஷத்தை யாரும் தொடக்கூடாது. ஹரி, குறித்துக்கொள்.

8:50 ஹரி: குறித்துக்கொண்டேன் அத்தை

8:52 திவ்யா: நான் உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு ‘ஸ்டேர்வே’, ‘காஷ்மீர்’, ‘இமிகிரன்ட் சாங்’ மூன்றும் போதும். மீதியை நான் எப்போதும் தள்ளிவிட்டுத்தான் கேட்பேன். ஃபோனில் கேட்கிற யாராவது தள்ளாமல் இருக்கிறார்களா?

8:52 முரளி: +1. ‘காஷ்மீர்’ மட்டும் பத்து தடவை போடலாம்.

8:58 சேகர் சித்தப்பா: ‘காஷ்மீர்’ எழுதியபோது அவர்களில் ஒருவரும் காஷ்மீரைப் பார்த்ததில்லை. மொராக்கோ பாலைவனத்தில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது தோன்றியது. பம்பாய்க்குத்தான் வந்தார்கள், 1972இல். கிட்டார் வாசிக்கிற பேஜும் பாடுகிற பிளான்ட்டும் நம் வாத்தியக்காரர்களை வைத்து இரண்டு பாட்டைத் திரும்பப் பதிவு செய்து பார்த்தார்கள். அதற்கு முன்னாலேயே முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குத் தபலா உண்டு. அது தனியாக ஆரம்பிக்காது, முந்தின பாட்டு மங்கும்போதே அதற்குள்ளிருந்து வரும். திவ்யா சொல்கிற மாதிரி தள்ளினால் தபலா எங்கிருந்து முளைத்தது என்று தெரியாது. இரண்டாவது ஆல்பத்தில் இன்னும் மோசம். ‘ஹார்ட்பிரேக்கர்’ என்று ஒன்று, வெட்டினாற்போல் நிற்கும். நின்ற அதே நொடியில் அடுத்தது ஆரம்பிக்கும், மூச்சு விட இடம் இருக்காது. ரேடியோக்காரர்களே இரண்டையும் சேர்த்துத்தான் போடுவார்கள். தனியாகக் கேட்டால் பாதியில் கரண்ட் போன மாதிரி இருக்கும்.

9:01 அம்மா: அந்தாதி

9:01 ஹரி: போடுகிறேன் அம்மா, முதலில் அதுதான்

9:03 அம்மா: அதைச் சொல்லவில்லை. சேகர் சொல்வது அந்தாதிதான் என்கிறேன். ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்தது பிடிக்கும். நடுவில் ஒன்றை விட்டால் அடுத்ததற்குக் கால் இருக்காது. நூறாவது பாட்டு ‘உதிக்கின்றனவே’ என்று முடிந்து முதல் பாட்டின் ‘உதிக்கின்ற’வைப் போய்ப் பிடிக்கும். எனக்கு அதில் எழுபதுக்கு மேல் நாக்குப் புரளாது, அதற்காகத் தாண்டுவேனா?

9:03 முரளி: மாமி!!

9:04 சேகர் சித்தப்பா: அண்ணி, நாற்பது வருஷம் கழித்து உங்களுக்கு அண்ணன் பாட்டு புரிந்துவிட்டது.

9:04 அம்மா: எனக்கு எப்போதும் புரியும். சத்தம்தான் பிடிக்காது.

9:06 சேகர் சித்தப்பா: ஆனால் ஒன்று. அந்த ஒட்டிக்கொண்டு வருகிற இரண்டாவது பாட்டு ஜிம்மி பேஜுக்கே பிடிக்காது. மேடையில் பேண்டாக அதை வாசித்ததில்லை.

9:06 திவ்யா: அப்போது அவர்களே ஸ்கிப்! கேஸ் முடிந்தது.

9:07 ஹரி: நாலாவது ஆல்பத்தில் விட ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் சம்மதமா?

9:07 முரளி: சம்மதம்

9:07 திவ்யா: எட்டே பாட்டுதானே, சரி

9:08 வத்சலா அத்தை: அது விறகு விற்ற படலம்தானே?

9:08 திவ்யா: ???

9:10 வத்சலா அத்தை: அண்ணன் சிநேகிதன் ஒருத்தனிடம் எல்பி கடன் வாங்கி வந்தான். அட்டையில் ஒரு கிழவர் முதுகில் கட்டோடு குனிந்து நிற்பார். பாட்டுக்காரர்கள் பெயர் எங்கேயும் இல்லை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னடா, விறகு விற்ற படலமா என்றார். மதுரையில் வளர்ந்தவர் அவர், வேறென்ன தோன்றும்.

9:13 சேகர் சித்தப்பா: அது விறகு இல்லை அக்கா. 2023இல் கண்டுபிடித்தார்கள், இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பக்கத்துக் கூரை வேய்கிறவர். 1892இல் எடுத்த படம். கூரைக்கு வேண்டிய குச்சி அது.

9:13 வத்சலா அத்தை: அப்பாவிடம் போய்ச் சொல்

9:18 ஹரி: அடுத்தது ‘ஹவுசஸ் ஆஃப் தி ஹோலி’. 1973. இதில்தான் சண்டை வரும்.

9:20 சேகர் சித்தப்பா: சண்டையே இல்லை. ‘தி கிரஞ்ச்’ போக வேண்டும். ஜேம்ஸ் பிரவுன் மாதிரி பாட ஆசைப்பட்டு விளையாட்டாகச் செய்தது. தாளம் ஒன்பதில் விழும், ஆட முயற்சி செய்தால் கால் பின்னிக்கொள்ளும். அதுதான் அவர்கள் நோக்கமே. கடைசியில் பாடுகிறவர் பாட்டை நிறுத்திவிட்டு பிரிட்ஜ் எங்கே, பிரிட்ஜ் எங்கே என்று தேடுவார். பிரிட்ஜ் என்றால் பாட்டின் நடுவில் மாறி வருகிற இணைப்புப் பகுதி, இந்தப் பாட்டில் அதுவே கிடையாது. அப்புறம் ‘டயர் மேக்கர்’, ஜமைக்கா பாணி. அதையும் எடுத்துவிடலாம்.

9:20 வத்சலா அத்தை: ஒன்பதா? சங்கீர்ணமா?

9:21 சேகர் சித்தப்பா: அக்கா, எல்லாவற்றையும் காப்பாற்றாதே

9:24 ஹரி: சித்தப்பா, ‘கிரஞ்ச்’ கடைசியில் பிரிட்ஜ் எங்கே என்று கேட்டதும் குக்கர் விசில் வருமே, எனக்கு அதுதான் அந்தப் பாட்டு. ஹாஸ்டலில் ரூம் மேட் கம்ப்யூட்டரில் முதல் முறை கேட்டபோது, அவன் ஃபைலில் ஏதோ கோளாறு, விசில் விட்டுப்போயிருக்கிறது என்றே நினைத்தேன். அவனிடம் சொல்லவும் சொன்னேன்.

9:24 முரளி: என்ன குக்கர்

9:25 திவ்யா: ஹரி அண்ணா என்ன குக்கர்

9:25 சேகர் சித்தப்பா: அக்காவைக் கேளுங்கள்

9:25 வத்சலா அத்தை: ஆரம்பித்துவிட்டான்

9:27 அம்மா: உங்கள் பாட்டி குரல் அதில் இருக்கிறது

9:33 சேகர் சித்தப்பா: பிள்ளைகளுக்குத் தெரியாது, சொல்கிறேன். 1984. அண்ணன் அந்த இரண்டு எல்பியையும் ரெக்கார்டிங் கடையில் கொடுத்து ஒரு சி90 கேசட்டில் பதிந்து வாங்கினார். ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். நாலாவது ஆல்பம் ஒரு பக்கம், ‘ஹவுசஸ்’ மறு பக்கம், இரண்டும் அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அக்கா வந்து நிறுத்தினாள். ரேடியோவில் கச்சேரியாம், தனி ஆரம்பிக்கப் போகிறதாம். அவசரத்தில் கேசட்டை மாற்ற மறந்து சிவப்பு பட்டனையும் பிளேயையும் சேர்த்து அமுக்கிவிட்டாள். ஆனால் அப்போது டேப் ரிக்கார்டரின் சுவிட்ச் ரேடியோவில் இல்லை, மைக்கில் இருந்தது. நான் கத்துகிற வரைக்கும் சமையலறைதான் பதிவானது.

9:34 வத்சலா அத்தை: அண்ணன் கேசட்டின் விளிம்பில் இருக்கிற பிளாஸ்டிக் பல்லை உடைத்திருந்தால் பதிவாகியிருக்காது. அவன் தப்பு.

9:34 சேகர் சித்தப்பா: அதற்கப்புறம் வீட்டில் இருந்த அத்தனை கேசட்டுக்கும் ஸ்குரூ டிரைவரால் பல்லை உடைத்தார். பக்திப் பாட்டு கேசட்டைக்கூட விடவில்லை.

9:36 ஹரி: பிரிட்ஜ் எங்கே என்று அந்த ஆள் கேட்பார். டக் என்று ஒரு சத்தம். பாட்டி, “வத்சலா, பால் பொங்குது பாரு, அடுப்பை அணை” என்பார். குக்கர் இரண்டு விசில். சித்தப்பா ஐயோ என்பார். அடுத்த பாட்டு பாதியிலிருந்து வரும்.

9:36 முரளி: நான் பாட்டி குரலைக் கேட்டதே இல்லை

9:37 வத்சலா அத்தை: நீ பிறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டாள்

9:41 அம்மா: அவர் அந்தப் பாட்டைத் தள்ளாமல் கேட்பது அதற்குத்தான் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு தடவை கேட்டேன். இல்லை, ஆல்பம் என்றால் முழுசாகத்தான் கேட்க வேண்டும் என்றார்.

9:44 திவ்யா: சரி, அப்போது பென் டிரைவில் ‘கிரஞ்ச்’ போட்டாலும் அது இல்லை

9:44 ஹரி: இல்லை

9:45 முரளி: கேசட் எங்கே?

9:45 அம்மா: அவர் பீரோவில், எல்ஐசி பத்திரத்துக்கு அடியில்

9:46 முரளி: டேப் ரிக்கார்டர்?

9:49 வத்சலா அத்தை: அதைச் சேகர் வீட்டில் கேட்க வேண்டும். அம்மா போனதும் யார் எடுத்துக்கொண்டு போனது என்று எல்லாருக்கும் தெரியும்.

9:50 சேகர் சித்தப்பா: அக்கா, அது பெல்ட் அறுந்து பத்து வருஷம் பரணில் கிடந்தது

9:50 வத்சலா அத்தை: இப்போது எங்கே?

9:53 சேகர் சித்தப்பா: பழைய பேப்பர்காரனிடம் போட்டாயிற்று

9:53 வத்சலா அத்தை: நன்றாயிருக்கிறது. அண்ணன் முதல் போனஸில் வாங்கியது.

9:54 திவ்யா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

9:54 வத்சலா அத்தை: நான் பார்த்துவிட்டேன் திவ்யா

9:58 ஹரி: ரிச்சி தெருவில் கேசட்டைக் கணினியில் ஏற்றித் தருபவர்கள் இருப்பார்கள். நாளை காலை நான் கேட்டுப் பார்க்கிறேன். அம்மா, அப்பா தூங்கியதும் மெதுவாக எடுத்து வையுங்கள். ரிப்பன் சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள், பென்சில் விட்டுச் சுற்றிப் பாருங்கள்.

9:58 அம்மா: அதெல்லாம் எனக்குத் தெரியும்

9:59 முரளி: அப்போது முடிவு என்ன? எட்டும் முழுசாகவா?

10:02 சேகர் சித்தப்பா: ‘பிசிக்கல் கிராஃபிட்டி’ மட்டுமே 82 நிமிடம். அது டபுள் ஆல்பம், பாதிப் பாட்டு பழைய ஆல்பங்களில் இடமில்லாமல் தங்கிப்போனது. அதில் பதினொரு நிமிடத்துக்கு ஒரே பாட்டு, சாகப்போகிறவன் பாடுகிற பாட்டு. சாந்தி பண்ணப் போகிற வண்டியில் அது வேண்டாம்.

10:02 அம்மா: அது வேண்டாம்

10:03 திவ்யா: ஆக ஒன்றை விட்டாயிற்று

10:03 ஹரி: அதை வரும்போது கேட்டுக்கொள்ளலாம்

10:04 வத்சலா அத்தை: மிளகாய்ப்பொடி தடவின இட்லி நான் கொண்டு வருகிறேன், நாற்பது. வழியில் யாரும் வாங்க வேண்டாம்.

10:04 அம்மா: நான் எலுமிச்சை சாதம் என்று சொல்லியிருந்தேனே வத்சலா

10:05 வத்சலா அத்தை: அதுவும் இருக்கட்டும் அண்ணி

11:16 ஹரி: பெரிய குழுவில் அப்பா போட்டிருக்கிறார், பார்த்தீர்களா? “என் பீரோ சாவியை யார் எடுத்தது?”

11:16 முரளி: ஐயோ

11:17 அம்மா: நான் இல்லை என்று போடு

11:17 ஹரி: அம்மா, வீட்டில் நீங்கள் இரண்டு பேர்தான்

11:19 சேகர் சித்தப்பா: வண்டி நாலு மணிக்கா, நாலரைக்கா? யாரும் சொல்லவே இல்லை.