வெளிநாட்டில் விலங்குப் பராமரிப்பு வேலை: போய் வந்தவங்க சொல்லுங்க

செந்தூல் அப்பா:

வணக்கம். மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்துவிட்டாள். கால்நடை மருத்துவர்தான் ஆவேன் என்று சின்ன வயசிலிருந்தே பிடிவாதம். செர்டாங்கில் இருக்கும் மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்துக்கு (யூபிஎம்) போட்டிருக்கிறோம். கிடைக்காவிட்டால் கடனை வாங்கியாவது பிரிட்டனோ ஆஸ்திரேலியாவோ அனுப்பலாம் என்று யோசனை. பிரிட்டனில் பல கல்லூரிகள் விண்ணப்பத்திலேயே விலங்குகளோடு வேலை பார்த்த அனுபவம் கேட்கிறார்களாம். இந்த நேரம் பார்த்து ஓர் ஏஜென்ட் வந்து சேர்ந்தார். தென்னாப்பிரிக்காவில் இரண்டு வாரம், சிங்கக்குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் வேலை, சான்றிதழும் உண்டு, 9,000 வெள்ளி (ரிங்கிட்), விமான டிக்கெட் தனி என்கிறார். படங்களைப் பார்த்ததிலிருந்து மகளுக்குத் தூக்கமே இல்லை. அவள் அம்மா "சிங்கமா?" என்று கேட்டதோடு சரி, அப்புறம் பேச்சில்லை. காசு ஒரு பக்கம் இருக்கட்டும், அது உருப்படியான வேலையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செராஸ்காரன்:

அண்ணே, பணம் கட்டிடாதீங்க. நான் டிப்ளோமா படிக்கும்போது அந்த நாட்டுலயே அந்த மாதிரி ஒரு பண்ணைக்குத்தான் போனேன். பேர் வேண்டாம். காலையில ஆறு மணிக்குக் குட்டிங்களுக்குப் புட்டிப்பால். பத்து மணிக்கு வேன்ல டூரிஸ்ட் வந்துடுவாங்க. அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் குட்டியத் தூக்கி அவங்க மடியில வைக்கணும், படம் எடுத்து முடிச்சதும் திரும்ப வாங்கி அடுத்தவர் மடியில வைக்கணும், அவ்வளவுதான். குட்டி தூங்கிட்டா தட்டி எழுப்பச் சொல்வாங்க.

எல்லாம் தாயை இழந்த குட்டிங்கன்னு சொன்னாங்க. ஒரே பண்ணையில அத்தனை தாயும் எப்படிச் செத்துச்சுன்னு கேட்டா சிரிப்பாங்க. கூண்டு கழுவுற பெரியவர் ஒருத்தர்தான் உண்மையச் சொன்னார். பிறந்த கொஞ்ச நாள்லயே குட்டியப் பிரிச்சிட்டா தாய் சீக்கிரமே மறுபடியும் பருவத்துக்கு வரும், அதுக்குத்தான். மனுஷன் கையில வளர்ந்த சிங்கத்தக் காட்டுல விட முடியாது. வளர்ந்ததும் வேலி போட்ட நிலத்துல அதைச் சுட்டு வேட்டையாடக் காசு கொடுக்கிறவங்க இருக்காங்க, எலும்புக்கும் வியாபாரம் இருக்கு. 2021ல அந்த நாட்டு அரசாங்கமே கூண்டுச் சிங்கத் தொழிலை முடிவுக்குக் கொண்டு வரப்போறதா அறிவிச்சது.

சான்றிதழ்ல ஓரத்து வேலைப்பாடு ரொம்ப அழகு. கையெழுத்துப் போட்டவர் அங்க மார்க்கெட்டிங் பார்க்கிறவர்.

ஏஜென்ட்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க. ஒரு நாள் வேலைய மணி வாரியா எழுதித் தரச் சொல்லுங்க. அதுல சாணி அள்ளுறது, தீனி நறுக்குறது, தொட்டி கழுவுறது இருந்தா மேல பேசலாம். கொஞ்சுறது மட்டும் இருந்தா அது சுற்றுலா.

பட்டர்வொர்த் டாக்டரம்மா:

தம்பி சொல்வது சரி. ஆனால் அதை வைத்து வெளிநாட்டு அனுபவமே வீண் என்று நினைத்துவிடாதீர்கள் ஐயா. நான் பிரிட்டனில் படித்தவள். நாங்கள் படித்தபோது வகுப்புக்கு வெளியே 38 வாரம் வேலை பார்த்துக் கணக்குக் காட்ட வேண்டும். அதில் 12 வாரம் பண்ணைகளில் வெறும் பராமரிப்பு, மீதி 26 வாரம் மருத்துவர்களோடு. விடுமுறை என்று பினாங்குக்கு டிக்கெட் போட முடியாது. ஈஸ்டர் விடுமுறைக்கு எனக்கு வாய்த்தது வேல்ஸில் ஒரு செம்மறிப் பண்ணை.

ஆடுகள் குட்டி போடும் பருவம். எனக்கு இரவு ஷிப்ட். பண்ணைக்காரர் அதிகம் பேசாத மனிதர், முதல் நாள் கையில் கொடுத்தது வைக்கோல் வாரும் கவைக்கோலும் ஓர் அயோடின் டப்பாவும்தான். குட்டி விழுந்ததும் மூக்கை மூடியிருக்கும் சவ்வைத் துடைக்க வேண்டும். மூச்சு வரவில்லையென்றால் ஒரு வைக்கோல் துரும்பை மூக்கில் விட்டுக் கிண்டுவோம், தும்மிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தொப்புள்கொடியை அயோடினில் முக்கி, தாயையும் குட்டியையும் தனித் தடுப்பில் விட்டு, காம்பில் அடைத்திருப்பதைப் பீய்ச்சி எடுத்துவிட்டு, சீம்பால் குடிக்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். குடிக்கத் தெம்பில்லாத குட்டிக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 50 மில்லி, குழாய் வழியாக. ஆட்டுக்குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி சீம்பாலில்தான் வருகிறது. நேரம் தாண்டிவிட்டால் குடல் அதை உள்ளே வாங்காது.

ஒரு விடியற்காலை, ஓர் ஆடு முக்கிக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் வரவில்லை. என் கை சின்னது என்று என்னையே உள்ளே கை விடச் சொன்னார். முன்னங்கால் இரண்டு, அதன் மேல் மூக்கு, இதுதான் சரியான நிலை. எனக்குத் தட்டுப்பட்டது ஒரு தலை, மூன்று கால். இரட்டைக் குட்டிகள் பின்னிக் கிடக்கின்றன. எந்தக் கால் எந்தக் குட்டியுடையது என்று தெரியாமல் இழுத்தால் தாய்க்கே ஆபத்து. "காலைப் பிடித்துக்கொண்டே தோளுக்குப் போ, தோளிலிருந்து கழுத்துக்குப் போ" என்றார். ஆடு முக்குவதை நிறுத்தும் இடைவெளிகளில், கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே தேடினேன். மூன்றாவது கால் பின்னால் இருந்தவனுடையது. அதை உள்ளே தள்ளிவிட்டு முன்னால் இருந்தவனை இழுத்தேன். இரண்டும் உயிரோடு வந்தன. அவர் "ம்" என்றார். வார முடிவில் மதிப்பீட்டுத் தாளில் என்னைப் பற்றி எழுதியதும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆனால் கையெழுத்துப் போட்டது என்னோடு இரவெல்லாம் நின்ற ஆள்.

வீட்டில் பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. செத்துப் பிறந்த குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத வேறொரு குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுவார்கள். குட்டியை இழந்த தாய் மோந்து பார்த்துத் தன் குட்டி என்று பால் கொடுக்கும். இதை வாட்ஸ்அப்பில் சொன்னபோது அம்மா பேசாமல் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். இறைச்சிக்கூடத்துக்கும் போய் மாட்டிறைச்சிப் பரிசோதனை கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததை நான் சொல்லவே இல்லை. செவ்வாய் வெள்ளி சைவம் பிடிக்கிற வீடு எங்களுடையது. மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள், அந்தப் பாடத்தைத் தவிர்த்துவிட்டு இந்தப் படிப்பை முடிக்க முடியாது.

விசா விஷயத்திலும் ஏஜென்ட் பேச்சை நம்பாதீர்கள். பிரிட்டனுக்குப் பார்வையாளராகப் போகிறவர் பதிவு பெற்ற அறநிறுவனத்தில் மட்டும் 30 நாளுக்கு மிகாமல் தொண்டு செய்யலாம். தனியார் பண்ணையில் சம்பளமில்லாமல் செய்தாலும் அது வேலைதான், பார்வையாளராகப் போய்ச் செய்யக் கூடாது.

புக்கிட் மெர்தாஜம் தம்பி:

அக்கா போன ஊர்க் குளிர் நமக்குத் தாங்காது. நான் படிச்சது சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில. 1903ல ஆரம்பிச்ச காலேஜ். படிப்பு அஞ்சரை வருஷம், அதுல ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். காலையில வெளிநோயாளிப் பக்கம் போனா நாய், ஆடு, பூனை, கூண்டுல கிளின்னு ஒரே வரிசையில நிக்கும். அந்தக் கூட்டத்த நம்ம நாட்டுல நான் பார்த்ததில்ல.

கிராமத்துக்கு அனுப்பினப்பதான் கத்துக்கிட்டேன். கன்னு போட்ட மறுநாள் ஒரு ஜெர்சி கலப்பு மாடு எழுந்திரிக்கல. கழுத்தை மடக்கி வயித்துப் பக்கம் வச்சிக்கிட்டுப் படுத்திருக்கு, காது தொட்டா சில்லுன்னு இருக்கு. பால் காய்ச்சல். பேருதான் காய்ச்சல், உடம்பு சூடு குறைஞ்சுதான் இருக்கும். ரத்தத்துல இருக்கிற கால்சியம் பாலுக்குப் போயிடுறதால வர்றது. சார் கழுத்து நரம்புல கால்சியம் பாட்டில் ஏத்தினார். நான் நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேட்டுக்கிட்டே இருக்கணும், துடிப்பு தப்புனா சத்தம் போடணும், ஏன்னா வேகமா ஏத்தினா இதயமே நின்னுடும். பாதி பாட்டில் இறங்கும்போது தொடைச் சதை நடுங்க ஆரம்பிச்சது. மூக்கு நுனி ஈரமாச்சு. பெருசா ஒரு ஏப்பம், அப்புறம் சாணி. கொஞ்ச நேரத்துல தானா எழுந்து நின்னு கன்னைத் தேடுச்சு. அந்த வீட்டம்மா சாருக்கு முன்னாடி எனக்குக் காபி கொடுத்தாங்க, சார் மூஞ்சியப் பார்க்கணுமே!

அங்க போறவங்க வெறிநாய்க்கடித் தடுப்பூசி இங்கேயே போட்டுட்டுப் போங்க. கடிக்கு முன்னாடி போடுறது ரெண்டு ஊசி, ஒரு வார இடைவெளி. 2015ல பினாங்குலயே வெறிநாய் நோய் வந்து ஊரே பதறினது ஞாபகம் இருக்கும். இன்னொண்ணு, திரும்பி வந்து தொழில் பார்க்க 1974 சட்டப்படி மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்துல பதியணும். சேரப் போற காலேஜ் அவங்க பட்டியல்ல இருக்கான்னு பார்த்துட்டே பணம் கட்டுங்க.

ஜார்ஜ் டவுன் தங்கச்சி:

நான் ஆஸ்திரேலியாவுல, பெர்த்ல படிக்கிறேன். முஸ்லிம் பிள்ளைங்க யாராச்சும் இதப் படிச்சா உதவும்னு எழுதுறேன். நாய் வார்டு வேலைன்னதும் உம்மா அழுதாங்க. நாங்க ஷாஃபி மத்ஹப், அதாவது இஸ்லாமியச் சட்டத்துல அந்தப் பிரிவைப் பின்பற்றுறவங்க. ஈரமா நாய் பட்டா ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை மண் கலந்த தண்ணி. கிளம்புறதுக்கு முன்னாடி எங்க உஸ்தாத்கிட்ட கேட்டேன். மருத்துவத்துக்காகத் தொடுறதுல தடையில்ல, தொழுகைக்கு முன்னாடி சுத்தம் பண்ணிக்கோன்னார். கையுறை போட்டுட்டா பாதிக் கவலை இல்ல. சிக்கல் என்னன்னா ஆஸ்திரேலியாவுக்குள்ள சும்மா மண் கொண்டு போக முடியாது. நம்ம கடைகள்ல விக்கிற களிமண் சோப்பு வாங்கிட்டுப் போனேன், அங்க இறங்கும்போது நிரப்பிக் கொடுக்கிற ஏர்போர்ட் அட்டையில அதையும் எழுதினேன். அதிகாரி பொட்டலத்தத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நான் விளக்கம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சிரிச்சிட்டு விட்டுட்டார். கூட வேலை செய்ற வெள்ளைக்காரப் பொண்ணு இப்ப எனக்காக நாய்க் கிண்ணத்தத் தானே கழுவிடும், நான் பதிலுக்குப் பூனைக் கூண்டு எல்லாம் பார்த்துப்பேன். பூனை எல்லாரையும் பிறாண்டும், அதனால பேரம் எனக்குத்தான் நஷ்டம்.

ஆடு மாடு பக்கம் போறதுக்கு முன்னாடி அங்க க்யூ காய்ச்சல் தடுப்பூசி போடச் சொல்வாங்க. ஈனும்போது வர்ற நீர், நச்சுக்கொடி இதுலேருந்து காத்துல பரவுற கிருமி. அந்த ஊசி இங்க கிடைக்காது. அங்க போய்த்தான் ரத்தப் பரிசோதனை, தோல் பரிசோதனை ரெண்டும் எடுக்கணும், தோல்ல போட்டத ஏழு நாள் கழிச்சுப் பார்ப்பாங்க. ஏற்கெனவே அந்தக் கிருமி பட்டவங்களுக்கு ஊசி போட்டா கை வீங்கிப் படுத்திடும். அதனால போய் இறங்கினதுமே வேலை ஆரம்பம்னு தேதி போட்டுடாதீங்க.

செந்தூல் அப்பா:

எல்லாருக்கும் நன்றி. மகள் ஏஜென்ட்டிடம் மணி வாரியாக வேலைப் பட்டியல் கேட்டாள். அவர் இன்னொரு குட்டி வீடியோ அனுப்பினார். பணம் கட்டவில்லை. இப்போதைக்கு அம்பாங் எஸ்பிசிஏ விலங்குக் காப்பகத்திலும் உலு கிளாங் ஸூ நெகாரா மிருகக்காட்சிசாலையிலும் தொண்டராகச் சேரக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். டாக்டரம்மா சொன்ன இறைச்சிக்கூட விஷயத்தையும் பேசினேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. பிறகு ஆஸ்திரேலியா போவதாக இருந்தால் ஒரு சந்தேகம்: ராவாங்கில் மச்சான் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிறார், அவரிடம் நல்ல ரப்பர் பூட்ஸ் இருக்கிறது. அதையே கொடுத்து அனுப்பலாமா?

ஜார்ஜ் டவுன் தங்கச்சி:

வேண்டவே வேண்டாம் அங்கிள். நம்ம தீபகற்பத்துல கோமாரி நோய் இருக்கு, அங்க இல்ல, பூட்ஸ்ல ஒட்டின மண்ணு சாணியோட கிருமி போயிடும். கடந்த 30 நாள்ல பண்ணைப் பக்கம் போனியான்னு அட்டையிலயே கேட்பாங்க. மச்சான் பண்ணைக்குப் போயிருந்தா 'ஆமாம்'னு எழுதச் சொல்லுங்க, மறைச்சாதான் வம்பு. பூட்ஸ் அங்கேயே புதுசா வாங்கிக்கட்டும். ஒரு சைஸ் பெருசா எடுக்கச் சொல்லுங்க, குளிர் காலத்துல ரெண்டு சாக்ஸ் போடணும்.