நவம்பர் 1 பலகையில் கேரளப் பிறவியையும் எழுதலாமா?

தோவாளைக்காரன்:
எங்கள் ஊர் வாசகசாலைக் கரும்பலகையில் தினமும் ‘வரலாற்றில் இன்று’ எழுதுகிறோம். நவம்பர் 1 வருகிறது. 1956-இல் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த நாள். கேரளம் பிறந்ததும் அன்றுதான். இரண்டையும் எழுதலாம் என்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

விளவங்கோட்டான்:
வேண்டாம் அண்ணே. கேரளப் பிறவியை அவர்கள் கொண்டாடட்டும். 1954 ஆகஸ்ட் 11-இல் புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டதில், தமிழ்நாட்டோடு இணையப் போராடிய நம் ஆட்கள் செத்தார்கள். அந்த உயிர்களுக்குக் கிடைத்த நாள் இது. அதை ஏன் பங்கு போட வேண்டும்?

குளச்சல் கரை:
எனக்கு இந்த ‘அதே நாளில்’ பட்டியலே பிடிக்காது. அக்டோபர் 2 நண்பகலில் அஸ்தி வைத்த இடத்தில் வெயில் விழும்படி கன்னியாகுமரி காந்தி மண்டபத்தைக் கட்டினார்கள். 1975-இல் அதே தேதியில் காமராஜர் இறந்தார், நம் நாகர்கோவில் எம்.பி.யாக இருந்தவர். இரண்டுக்கும் என்ன தொடர்பு? டிசம்பர் 26-ஐ எடுங்கள். 2003-இல் ஈரானின் பாம் நகரில் நிலநடுக்கம், 2004-இல் சுனாமி. மணக்குடிப் பாலம் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்களிடம், கொட்டில்பாட்டில் பிள்ளையைப் புதைத்தவர்களிடம், தேதி ஒன்று என்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

தோவாளைக்காரன்:
அக்டோபர் 2 தற்செயல், சரி. டிசம்பர் 26-ம் அப்படியே. நவம்பர் 1 அப்படியில்லை. மாநில மறுசீரமைப்புச் சட்டம் என்ற ஒரே சட்டம் அமலுக்கு வந்த நாள் அது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் இங்கே வந்தன. மலபார் சென்னையிலிருந்து கேரளத்துக்குப் போனது. இணைப்புக்குப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சி கேட்ட, தமிழர் நிறைய இருந்த தேவிகுளமும் பீர்மேடும் அங்கேயே நின்றுவிட்டன. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால், எல்லை ஏன் களியக்காவிளையில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? துப்பாக்கிச் சூட்டை ஆகஸ்ட் 11 பலகையில் முதல் வரியாக எழுதுகிறோம், தம்பி. அதை யாரும் மறக்கவில்லை.

விளவங்கோட்டான்:
சட்டம் ஒன்றுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் தேவிகுளம், பீர்மேடு போனதை விட்டுவிட்டு வாழ்த்து மாதிரி எழுதினால் நான் எதிர்ப்பேன். இணைப்புப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ஷல் நேசமணி பெயரும் இருக்க வேண்டும்.

தோவாளைக்காரன்:
இருக்கும். முதல் வரி நேசமணி பெயரோடு குமரி இணைப்பு. அடுத்தது தேவிகுளம், பீர்மேடு. அப்புறம்தான் கேரளம்.

குளச்சல் கரை:
இப்படிக் காரணத்தோடு எழுதினால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. வெறும் பட்டியலாகப் போடாதீர்கள்.

விளவங்கோட்டான்:
முதல் இரண்டு வரிக்குச் சம்மதம். மூன்றாவதற்கு இன்னும் இல்லை அண்ணே. ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைக்கு வருகிறேன், நேரில் பேசுவோம்.