தட்டின் எடையில் போன கூலி: திருப்பிக் கொடுப்பது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். மார்த்தாண்டம் பக்கம் அப்பா நடத்திய முந்திரி ஆலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் அண்டி ஆபீஸை, இரண்டு ஆண்டுகளாக நான் பார்த்துவருகிறேன். பருப்பின் தோல் உரிக்கும் 40 பெண்களுக்குக் கிலோக் கணக்கில்தான் கூலி. உரித்த பருப்பைப் பிளாஸ்டிக் தட்டோடு தராசில் வைத்து, தட்டுக்கென்று 250 கிராம் கழித்து மேற்பார்வையாளர் நோட்டில் எழுதுவது அப்பா காலத்து வழக்கம். சென்ற மாதம் கழுவிக் காயவைத்திருந்த தட்டு ஒன்றை ஏதோ தோன்றி நிறுத்துப் பார்த்தேன்; 180 கிராம். மற்றவையும் ஐந்து கிராம் முன்பின்னாக அவ்வளவுதான். ஒருவர் நாளொன்றுக்கு இருமுறை நிறுக்கிறார் என்றால் 140 கிராம்; மாதம் 25 நாளுக்கு மூன்றரைக் கிலோவுக்கான கூலி அவர் கைக்குப் போகவில்லை. அன்றே திருத்திவிட்டேன். கடந்துபோன ஆண்டுகளுக்கு என்ன செய்வது? அப்பா இப்போது இல்லை. சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு ஒரு தொகை கொடுத்துவிடு என்கிறார் அம்மா. எனக்கு மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 1:
உங்கள் மனம் ஒப்பாததற்கு வேதத்திலேயே காரணம் உண்டு. பைபிளின் எண்ணாகமம் 5ஆம் அதிகாரம், முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தோமோ அவருக்கே செலுத்தச் சொல்கிறது. வாங்கிக்கொள்ள உறவினர்கூட இல்லாதபோதுதான் அது ஆசாரியனிடம் போகும். ஆகவே வேலையை விட்டவர்களின் வீட்டையும் இறந்தவர்களின் பிள்ளைகளையும் தேடிய பிறகே சபையின் முறை வருகிறது. இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் தருவதாகச் சொன்னது அவனாக முன்வந்து சொன்னது. அதை உங்கள்மேல் சுமத்த நான் துணியமாட்டேன். லேவியராகமம் 19:36 'சுமுத்திரையான தராசு', அதாவது நேர்மையான தராசு என்கிறது. உங்கள் தராசில் அரசு முத்திரை சரியாகவே இருந்திருக்கும். தவறு தட்டில் இருந்தது.

மறுமொழி 2:
சகோதரரே, நான் கணக்கு எழுதுகிறவன். பழைய நோட்டுகள் எத்தனை ஆண்டுகளுக்கு இருக்கின்றனவோ அத்தனைக்கும் ஆள்வாரியாக, அந்தந்த ஆண்டின் கூலி விகிதத்தில் கணக்கிடுங்கள். அதைக் 'கூலி பாக்கி' என்றே எழுதுங்கள். 'அன்பளிப்பு' என்று எழுதினால் வருங்கால வைப்பு நிதிப் பங்கு மிச்சமாகும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதைக் கேட்டால் பழைய தட்டுக்கே திரும்பிவிடுகிறீர்கள். இனித் தராசில் வெறும் தட்டை வைத்துப் பூஜ்யமாக்கிய பின் நிறுத்தால் கழிக்கவே வேண்டியதில்லை.

மறுமொழி 3:
பக்கத்து ஆலைகளும் இப்படித்தான் கழிக்கின்றன என்றால் நீங்கள் மட்டும் எப்படித் தாக்குப்பிடிப்பீர்கள் என்பதே என் ஐயம். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பேரம் பேசாமல் ஒரே விலை சொன்ன குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் வணிகர்களும் தொடக்கத்தில் வாடிக்கையாளர்களை இழந்தார்கள். பிள்ளையை அனுப்பினாலும் அதே விலைக்குக் கிடைக்கும் என்று தெரிந்த பிறகே கூட்டம் வந்தது. அதுவரை தாங்கக் கையில் பணம் வேண்டும். தவணையாகக் கொடுங்கள், எத்தனை தவணை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. நான்கு ஆண்டு நோட்டுகள் கிடைத்தன. ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து ஆறு தவணை என்று சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது சொன்னேன். தட்டு அவ்வளவு கனமில்லை என்பது தங்களுக்கு முன்பே தெரியும் என்று மூத்த அக்கா ஒருவர் சொன்னார். அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒருமுறை சொன்னதாகவும், மறுநாள் முதல் ஒரு வாரம் தனக்கு உடைந்த பருப்பே உரிக்க வந்ததாகவும் சொல்லிவிட்டு, பணத்தை எண்ணத் தொடங்கினார்.