916 போட்ட ரஷ்யா ஸ்பூன் தங்கமா?? அவசரம்

வடக்குத்து_பையன்: வணக்கம். தாத்தா நெய்வேலி அனல்மின் நிலையத்துல வேலை பாத்தப்ப ரஷ்யா இன்ஜினியர் ஒருத்தர் ஊருக்குக் கிளம்பும்போது குடுத்துட்டுப் போன டீ ஸ்பூன் 6 இருக்கு, நீலமும் வெள்ளையுமா இனாமல் பூ வேலை, காம்புல 916னு தெளிவா அடிச்சிருக்கு. 916னா 22 காரட்தானே? ஞாயித்துக்கிழமை அக்கா வர்றாங்க, பாகம் பிரிக்கணும், சீக்கிரம் சொல்லுங்க.

சில்லறைக்காசு: போட்டோ எங்க? எடை எவ்ளோ?

மஞ்சள்பை: 916 பக்கத்துல வேற ஏதாவது முத்திரை இருக்கா?

வடக்குத்து_பையன்: போட்டோ ஏறமாட்டேங்குது. ஒரு ஸ்பூன் 24 கிராம். மொத்தம் 18 பவுன். பக்கத்துல ஒரு நட்சத்திரம், உள்ள அருவா சுத்தியல்.

பழம்பொருள்_பாலு: இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் சொல்றது, தேடிப் பாத்துட்டு கேக்கற பழக்கமே யாருக்கும் இல்ல. 916ங்கறது ஆயிரத்துல 916 பங்குன்னு மட்டும்தான் சொல்லும், எந்த உலோகம்னு சொல்லாது. ஜார் காலத்துல ஸொலொத்னிக்னு ரஷ்யாவோட பழைய அளவுக் கணக்கு, 96தான் சுத்தம், 84 போட்டிருந்தா 875 வெள்ளி. வெள்ளிக்கு ஸொலொத்னிக் 88ஐ 96ஆல வகுங்க, தங்கத்துக்கு காரட் 22ஐ 24ஆல வகுங்க, ரெண்டும் அதே 916தான் வரும். சோவியத்ல சாதாரணமா நகைத் தங்கம் 583. இனாமல் ஸ்பூன்னா வெள்ளி மேல தங்க முலாம். அருவா சுத்தியல் நட்சத்திரம் 1958ல வந்தது, அதுக்கு முன்னாடி சுத்தியல் வச்ச தொழிலாளி தலை. நெய்வேலில முதல் யூனிட் ஓடினது 1962, காலம் சரியா வருது.

உரைகல்: வாயால சொல்லி என்ன பிரயோஜனம், கடைல காரட் மீட்டர்ல வச்சா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

மஞ்சள்பை: முலாம் கனமா இருந்தா மீட்டர் அதையும் சேத்துதான் படிக்கும், ஏமாந்துடுவாரு. முத்திரையோட ஓரத்தை லென்ஸ்ல பாருங்க தம்பி, ரெண்டு பக்கமும் பீப்பா மாதிரி புடைச்சிருந்தா வெள்ளி, மண்வெட்டி மாதிரின்னா தங்கம்.

சில்லறைக்காசு: இது கேடிஎம் 916ஆ ஹால்மார்க் 916ஆ?

உரைகல்: சோவியத்ல ஏதுய்யா கேடிஎம். அது பத்து வைக்கிற காட்மியம், சுத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சில்லறைக்காசு: எங்க மாமா 30 வருஷமா பட்டறை வச்சிருக்காரு, கேடிஎம்னாலே 916தான்னு சொல்வாரு.

உரைகல்: அந்தப் புகையை சுவாசிச்சா நுரையீரல் போயிடும்னு சொல்லலியா மாமா? அதனாலதான் விட்டாங்க.

பழம்பொருள்_பாலு: இழை எங்க ஆரம்பிச்சு எங்க போகுது பாருங்க.

வடக்குத்து_பையன்: லென்ஸ் இல்ல, கண்ணுக்கு ஓரம் ஒண்ணும் தெரியல. சொல்ல மறந்துட்டேன், போன வாரம் அம்மா புளி போட்டு தேச்சாங்க, ரெண்டு ஸ்பூன்ல குழி கிட்ட மட்டும் வெள்ளையா வந்துடுச்சு, அது அழுக்கா இருக்குமா?

மஞ்சள்பை: இதை மொதல்லயே சொல்லியிருந்தா இவ்ளோ பேச்சே வேண்டாமே! முலாம் போய் அடில இருக்கற வெள்ளி தெரியுது. புளி, எலுமிச்சை இனி கிட்டவே கொண்டு போகாதீங்க, புளிப்புல இனாமல் மங்கிடும். சுடுதண்ணியும் வேணாம், விரிசல் விடும். இன்னும் சந்தேகம்னா கிராம் தராசுல ஒரு டம்ளர் தண்ணி வச்சு பூஜ்ஜியம் ஆக்குங்க, ஸ்பூனை நூல்ல கட்டி முழுசா முக்குங்க, அடில படக்கூடாது. 24 கிராம் தங்கம்னா தராசு 1.4 காட்டும், வெள்ளின்னா 2.3 கிட்ட, இனாமல் இருக்கறதால இன்னும் துளி ஏறும்.

உரைகல்: தெளிவான யோசனை. ஆனாலும் என் ஓட்டு காரட் மீட்டருக்குத்தான்.

பழம்பொருள்_பாலு: விக்கிறதா இருந்தா உருக்கற கடைக்கு மட்டும் போகாதீங்க. அந்த வேலைப்பாட்டுக்குத்தான் மதிப்பே. எனக்கு மெசேஜ் போடுங்க.

சில்லறைக்காசு: அதானே பாத்தேன் 😄

வடக்குத்து_பையன்: 2.4 காட்டுது. நன்றி எல்லாருக்கும். அக்காகிட்ட இன்னும் சொல்லல.